சிறுவாட்டுப் பணத்துக்கு வட்டி வந்த கதை



இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு நம்ம தலைவி வந்தபோது, "கடன் வாங்கி முன்னேறின கதைதான் எல்லாரும் எழுதுறாங்க. நீங்க கணக்குப் பார்த்தவங்க, சேமிப்பைப் பத்தி எழுதுங்கக்கா" என்று சொன்னாங்க. நியாயமான பேச்சு. நம்ம குழுக்களின் வரலாறு என்றால் எத்தனை லட்சம் கடன் வந்தது என்றுதான் பேசுகிறோம். மாசம் பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சேர்த்தோமே, அந்தப் பணம் எங்கே இருந்தது, எவ்வளவு வளர்ந்தது, ஏன் சில வருஷம் வளரவே இல்லை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

பொம்பளைங்க சேர்த்து வைக்கிற பணத்துக்கு நம்ம ஊரில் தனியாகவே ஒரு பேர் உண்டு: சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியில், அரிசிப் பானைக்குள்ளே, மடித்த சேலைக்கு நடுவில், சுருக்குப் பையில் என்று வீட்டுக்கு வீடு இடம் மாறும். புருஷனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதுதான் டாக்டர் ஃபீஸ். ஆனால் சிறுவாட்டுக்கு ஒரு குறை உண்டு. போட்டது போட்டபடியே இருக்கும், ஒரு காசு கூடாது. பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் நூறு ரூபாய் நூறுதான். அதற்குள் அரிசி விலை எங்கேயோ போயிருக்கும்.

வட்டி என்றாலே நமக்கு வாங்கின கடனுக்குக் கட்டுகிற வட்டிதான் ஞாபகம் வரும். போட்ட பணத்துக்கு வட்டி வாங்குவது நமக்குப் புதுசு என்று பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பேர். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்த பணத்தை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்தாங்க. ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். முதலைத் தொடக் கூடாது, பொலிசையை வைத்துப் பூசை நடக்கணும், இதுதான் ஏற்பாடு. கோயிலில் விளக்கு எரிய ஆடு விடுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. ஆட்டை வளர்க்கிறவர் தினமும் நெய் அளக்கணும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டில் வெட்டினாங்க. சாகாத, மூப்படையாத ஆடு! முதல் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று பயிற்சியில் விளக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆடு முதல், நெய் வட்டி.

ஆனால் அதெல்லாம் அரச குடும்பத்துப் பணம், கோயில் பணம். சாதாரண ஜனங்கள் சில்லறையைக் கொண்டுபோய்ப் போட்டு வட்டி வாங்க ஒரு இடம் வேணுமே. அது வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 1873இல் அரசு சேமிப்பு வங்கிகளுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. கல்யாணமான பெண் தன் பேரில் போட்ட பணத்தை அவளிடமே கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இருந்தது. 1882 ஏப்ரல் 1ஆம் தேதி அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. ஊர் தபாலாபீசிலேயே பணம் போடலாம், பின்னால் சர்க்கார் இருக்கிறது என்பதுதான் அதன் பலம். சர்க்கார் பின்னால் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதைச் சென்னைப் பட்டணம் 1906இல் பார்த்தது. அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி அக்டோபர் மாசம் மூழ்கிப் போனது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பும் சேர்ந்து மூழ்கியது. அந்த அடிக்குப் பிறகுதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து முயற்சி எடுத்து 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கியைத் திறந்தாங்க. எண்பது வருஷம் கழித்து அதே வங்கிதான் தர்மபுரியில் நம்மைப் போன்ற பெண்களுக்குக் கணக்குத் திறந்தது என்பது சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டிய விஷயம்.

நடுவில் இருந்த காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆச்சு, கிராமங்களில் கிளைகள் வந்தது. 1972 ஏப்ரலில் வீடு வீடாகப் போய் அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் வாங்கப் பெண் முகவர்களை நியமிக்கும் திட்டம் வந்தது. டவுனில் டீச்சரம்மா, நர்சம்மா வீடுகளுக்கு அவங்க போனாங்க. களை எடுக்கப் போகிற நம்ம வாசலுக்கு வரவில்லை. நமக்கு இருந்தது சீட்டுதான். ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு. நடத்துறவங்க நல்லவங்களா இருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக வீடு பூட்டிக் கிடக்கும். கடன் வேணும்னா அஞ்சு வட்டி, பத்து வட்டி. நூறு ரூபாய்க்கு மாசம் அஞ்சு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 60 சதவீதம். தண்டல்காரர் கையில் நோட்டோடு காலையிலேயே வந்து நிற்பார்.

1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 1989இல் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதி, நாம ஐஃபாட் என்று சொல்வோமே, அதன் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில்தான் முதன்முதலாகக் குழுக்கள் தொடங்கியது. கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை, எல்லாம் ஒரே மாவட்டம். அதே சமயத்தில் மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்கள் வளர்ந்தது. அந்தக் களஞ்சியத்தின் சின்னப்பிள்ளை அம்மா டெல்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவங்க காலைத் தொட்டது 2001 ஜனவரியில். அந்தப் படம் வந்த பேப்பரை நம்ம கூட்டமைப்பு அறையில் ரொம்ப நாள் ஒட்டி வைத்திருந்தோம்.

குழுக்கள் வந்தாலும் வங்கியில் ஒரு சிக்கல். தனி ஆளுக்குக் கணக்குத் திறப்பாங்க, சங்கம் என்றால் பதிவுப் பத்திரம் கேட்பாங்க. இருபது பொம்பளைங்க சேர்ந்து ஒரு தீர்மான நோட்டோடு போய் நின்றால், "நீங்க யாரு, எந்தச் சட்டத்துல பதிவு பண்ணியிருக்கீங்க?" என்ற கேள்விதான். 1992 பிப்ரவரியில் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்து வங்கி இணைப்புச் சோதனையைத் தொடங்கியது. 1993 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: பதிவு செய்திருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, சேமிப்புக் குழுக்களுக்கு வங்கிகள் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். என்னைக் கேட்டால், கடன் கொடுத்ததைவிட இந்த ஒரு சுற்றறிக்கைதான் பெரிய விஷயம் என்பேன். நம்ம பேரில் ஒரு பாஸ்புக்!

எங்க குழுவில் 18 பேர், ஆளுக்கு மாசம் 10 ரூபாய் சந்தா. எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் பாஸ்புக்கைப் படித்துச் சொல்லுகிற வேலை என்னிடம் வந்தது. எங்க கூட்டம் மாசம் 12ஆம் தேதி, அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுவோம். தெற்குத் தெருவில் இன்னொரு குழு. அதிலும் 18 பேர், 10 ரூபாய் சந்தா, அதே வங்கி, கணக்குத் திறந்ததும் அதே மாசம். அவங்க கூட்டம் மட்டும் 5ஆம் தேதி. ஆறு மாசம் கழித்து வட்டி வரவு வைத்தாங்க. அவங்களுக்கு 19 ரூபாய். எங்களுக்கு 14 ரூபாய்.

அஞ்சு ரூபாய் வித்தியாசம் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அது ஒரு ஆளுடைய அரைமாசச் சந்தா. கூட்டத்தில் சலசலப்பு வந்துவிட்டது. "பணத்தை ரெண்டு நாள் கையில வெச்சுட்டுக் கட்டினாளா?", "வட்டியில கைய வெச்சிட்டாளா?" என்று எங்க ஊக்குநர் அக்காவை ஜாடையாகப் பேச ஆரம்பிச்சாங்க. கட்டின ரசீது எல்லாம் தேதியோடு சரியாக இருந்தது. இருந்தும் பேச்சு நிற்கவில்லை. அக்கா அழுதுகொண்டே பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றாங்க. ஒரு குழு உடைவதற்கு லட்சக்கணக்கில் போக வேண்டியதில்லை, அஞ்சு ரூபாய் போதும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

நாலு பேர் சேர்ந்து இரண்டு பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த வயசான சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். விதி அப்படி என்றார். அந்தக் காலத்தில் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி வட்டி கிடையாது. ஒவ்வொரு மாசமும் 10ஆம் தேதியிலிருந்து மாசக் கடைசி வரை கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ அதற்கு மட்டும்தான் வட்டி. 5ஆம் தேதி கட்டினால் அந்த மாசமே கணக்கில் வரும். 12ஆம் தேதி கட்டினால் அந்த மாசம் அது பணமே இல்லை, அடுத்த மாசம்தான் சேரும். அவர் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டின கணக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தெற்குத் தெருவுக்கு மாசா மாசம் 180, 360, 540, 720, 900, 1080. கூட்டினால் 3,780. அப்போது வட்டி 6 சதவீதம், மாசத்துக்கு அரை சதவீதம். ஆகவே 18 ரூபாய் 90 காசு, முழுசாக்கினால் 19. எங்களுக்கு முதல் மாசம் பூஜ்யம், அப்புறம் 180, 360, 540, 720, 900. கூட்டினால் 2,700. அரை சதவீதம் 13 ரூபாய் 50 காசு, முழுசாக்கினால் 14. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தேதிதான் ஏமாற்றியது.

அடுத்த மாசத்திலிருந்து எங்க கூட்டத்தை 5ஆம் தேதிக்கு மாற்றித் தீர்மானம் போட்டோம். அக்கா பொறுப்பில் தொடர்ந்தாங்க. அவங்களைப் பேசினவங்கள்ல ரெண்டு பேர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாங்க, ஒருத்தர் கடைசிவரைக்கும் கேட்கவில்லை. அதெல்லாம் ஊருக்கு ஊர் இருப்பதுதான்.

இந்தப் பத்தாம் தேதி விதியால் நம்மைப் போன்ற குழுக்கள் எவ்வளவு இழந்தது என்பதற்குப் பெரிய தொகையில் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு கூட்டமைப்புக்கு 3 லட்ச ரூபாய் நிதி ஜனவரி 11ஆம் தேதி வருகிறது. பிப்ரவரி 28 அன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். நாற்பத்தெட்டு நாள் பணம் வங்கியில் இருந்தது. பழைய விதிப்படி வட்டி பூஜ்யம்! ஜனவரியில் 10ஆம் தேதி அன்று பணம் இல்லை, பிப்ரவரிக் கடைசியில் பணம் இல்லை. தினசரிக் கணக்குப்படி 3.5 சதவீதம் என்றால்கூட 1,380 ரூபாய் வந்திருக்கணும். 2010 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்துதான் வங்கிகள் தினசரி இருப்புக்கு வட்டி போடணும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. இது எதையும் பேனர் கட்டி யாரும் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இன்றைக்கும் 10ஆம் தேதி விதிதான். அங்கே கணக்கு வைத்திருக்கிறவங்க 10ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்க, எடுப்பதானால் மாசம் முடிந்து அடுத்த மாச ஆரம்பத்தில் எடுங்க.

வட்டி விகிதமும் நமக்கு இறங்குமுகமாகவே இருந்தது. 1992இல் 6 சதவீதம். 1993 ஜூலையில் 5. 1994 நவம்பரில் 4.5. 2000இல் 4. 2003 மார்ச்சில் 3.5. எட்டு வருஷம் அங்கேயே நின்று 2011 மே மாசம் 4 ஆனது. இதை வங்கி மேனேஜர் தீர்மானிக்கவில்லை, ரிசர்வ் வங்கி நாட்டுக்கே ஒரே விகிதம் என்று வைத்திருந்தது. 2011 அக்டோபர் 25இல் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டாங்க. எந்த வங்கியும் தன் இஷ்டத்துக்குச் சேமிப்பு வட்டி கொடுக்கலாம் என்றாச்சு. சில தனியார் வங்கிகள் கூட்டிக் கொடுத்தது. நாம கணக்கு வைத்திருக்கிற பெரிய வங்கிகள் ரொம்ப நாள் 4இலேயே இருந்து, பிறகு இறங்கி, இப்போது 2.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவில் நமக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அங்கேயும் சேமிப்புக் கணக்குக்கு இதற்கு மேல் வட்டி தரக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. 1970களில் விலைவாசி ஏறியது, வங்கி வட்டி ஏறவில்லை. பெரிய பணக்காரர்கள் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை நேரடியாக வாங்கி அதிக வட்டி பார்த்தாங்க. சின்னச் சேமிப்புக்காரருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. 1971இல் இரண்டு பேர் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: ஆயிரம் பேரிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, அந்த மொத்தப் பணத்தால் பத்திரம் வாங்கி, வட்டியைப் பிரித்துக் கொடுப்பது. யோசித்துப் பாருங்க, நம்ம குழுவின் யோசனைதானே அது! வங்கிகளிலிருந்து பணம் அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்ததும் சட்டம் மாறியது. 1982 டிசம்பரில் வங்கிகளே 'மணி மார்க்கெட் அக்கவுண்ட்' என்ற கணக்கைத் திறந்தது. சந்தையில் குறுகிய காலக் கடனுக்கு வட்டி ஏறினால் கணக்கிலும் ஏறும், இறங்கினால் இறங்கும். சாதாரணச் சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் கூட வரும், ஆனால் குறைந்தபட்ச இருப்பு அதிகம் வைக்கணும், மாசத்துக்கு இத்தனை தடவைதான் எடுக்கலாம் என்ற அரசுக் கட்டுப்பாடும் 2020 வரை இருந்தது. நம்ம நாட்டில் அந்தப் பேரில் கணக்கு இல்லை. அதற்குக் கிட்டத்தில் இருப்பது 'ஃப்ளெக்ஸி டெபாசிட்'. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வட்டி எப்படி வளர்கிறது என்பதைப் பயிற்சிகளில் நான் 72ஐ வைத்துச் சொல்வேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரண்டு மடங்காக எத்தனை வருஷம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 8 சதவீதம் என்றால் 9 வருஷம். 2.5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 29 வருஷம், பேத்திக்குக் கல்யாணமே ஆகிவிடும். 1988இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது அஞ்சரை வருஷத்தில் இரட்டிப்பு. நடுவில் நிறுத்தி 2014இல் மறுபடி கொண்டுவந்தபோது 100 மாசம். 2023 ஏப்ரலிலிருந்து 115 மாசம். ஒரே பத்திரம்தான், ஆனால் இரட்டிப்பாகிற காலம் மட்டும் நீண்டுவிட்டது. நாட்டில் வட்டி எப்படி இறங்கியது என்பதை இந்த மூணு எண்ணே சொல்லிவிடும்.

சரி, குழுவுக்கு வருகிறேன். வங்கியில் 4 சதவீதத்துக்குக் கிடக்கிற பணத்தை நமக்குள்ளேயே உள்கடனாகக் கொடுத்தால் நூற்றுக்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24. தண்டல்காரரிடம் 60 கட்டின இடத்தில் 24 என்றால் வாங்கினவளுக்கும் லாபம், குழுவுக்கும் லாபம். நம்ம சேமிப்பு உண்மையில் வளர்ந்தது இங்கேதான், வங்கியில் இல்லை. மாசம் 1,000 ரூபாய் சேர்க்கிற ஒரு குழுவை வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் போட்ட முதல் 1,20,000. வங்கிச் சேமிப்புக் கணக்கில் 3.5 சதவீதத்தில் கிடந்தால் சுமார் 1,43,000. 8 சதவீதத் தொடர் வைப்பில் போட்டிருந்தால் சுமார் 1,82,000. ஒரு ரூபாய்கூடச் சும்மா இல்லாமல் எல்லாம் 2 வட்டிக்கு உள்கடனாகச் சுற்றி, வட்டியும் திரும்பத் திரும்பக் கடனாகப் போனால், காகிதக் கணக்குப்படி 4,88,000. நடைமுறையில் அவ்வளவு வராது. பணம் சில மாசம் கையில் இருக்கும், சிலர் தவணை தள்ளிப் போகும்.

இந்த 4,88,000ஐப் பார்த்துச் சில குழுக்கள் துள்ளிக் குதிச்சது. நான் அவங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: இந்த வட்டி யார் பையிலிருந்து வந்தது? வெளியாள் கொடுக்கவில்லை. நம்மில் கடன் வாங்கினவங்க கட்டினது. பெரும்பாலும் குழுவிலேயே கஷ்டப்பட்டவங்கதான் அதிகமாகக் கடன் வாங்குவாங்க, வசதி உள்ளவங்க சந்தா மட்டும் கட்டிவிட்டு வருஷக் கடைசியில் பங்கு வாங்கிக்கொள்வாங்க. அப்படிப் பார்த்தால் இல்லாதவள் கட்டின வட்டி இருக்கிறவளுக்குப் போகிறது. தண்டல் இருந்த காலத்தில் 2 வட்டி நியாயம். 2013க்குப் பிறகு மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதத்தில் வங்கிக் கடன் கிடைக்க ஆரம்பித்த பிறகும் உள்கடனுக்கு 24 வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1 வட்டிக்கு இறக்கினாலும் அதே பத்து வருஷத்தில் 2,30,000 ஆகும், அதுவும் வங்கியைவிட அதிகம்தானே. இதில் என்னோடு ஒத்துப் போகாத தலைவிகள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்காங்க. அவங்க சொல்லும் காரணமும் எனக்குத் தெரியும்: வட்டி குறைந்தால் திருப்பிக் கட்டுவதிலும் மெத்தனம் வரும் என்பாங்க. பொதுக்குழுவில் பேசித் தீர்க்க வேண்டியது.

இன்னொரு பழக்கத்தையும் பதிவு செய்யணும். கடன் இணைப்பு வந்த காலத்தில், சேமிப்பைப் போல இத்தனை மடங்கு கடன் என்று ஒரு கணக்கு இருந்தது. அதனால் சேமிப்பை எடுத்தால் கடன் கிடைக்காதோ என்று பயந்து, பல குழுக்கள் பணத்தைத் தொடவே இல்லை. சில கிளைகளில் வாய்மொழியாக, "சேமிப்பு அப்படியே இருக்கட்டும்மா" என்றும் சொல்லியிருக்காங்க. விளைவு என்ன? ஒரு லட்சம் சொந்தப் பணம் 3.5 சதவீதத்துக்குக் கணக்கில் தூங்கும், அதே குழு 12 சதவீதத்துக்கு வங்கியிடம் கடன் வாங்கும். அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும் வருஷம் 8,500 ரூபாய் நஷ்டம். நம்ம பணத்தை நாமே வட்டிக்கு வாங்கின மாதிரி. இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துக்கான ரிசர்வ் வங்கி விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்தம் செய்து வைக்கக் கூடாது, கடனுக்காக டெபாசிட் கேட்கக் கூடாது. உள்கடனாக உறுப்பினர்களிடம் இருக்கிற பணமும் குழுவின் நிதிதான், தரம் பார்க்கும்போது அதுவும் சேரும். இந்த விதியின் நகலைக் கோப்பில் வைத்திருங்க, வாயால் சொல்வதைவிடத் தாளைக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

அதிக வட்டி ஆசைக்கு வருகிறேன். 1990களில் வங்கி வட்டி இறங்க இறங்க, 24, 36 சதவீதம் தருகிறோம் என்று ஊருக்கு ஊர் ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைச்சது. விளம்பரத்தைப் பார்த்து ரிட்டயர் ஆன வாத்தியார்களே போட்டாங்க. அடுத்தடுத்து எல்லாம் மூடியது. அதற்காகவே தமிழ்நாட்டில் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் ஜனங்கள் மறந்தாச்சு, ஈமுக் கோழி வந்தது, 2012இல் அதுவும் போனது. 'வட்டி ஆசை முதலுக்குக் கேடு' என்று பாட்டி சொன்னதை அப்போதெல்லாம் யாரும் கேட்கவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு டெபாசிட் காப்பீடு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 1993இலிருந்து 1 லட்சம் வரை இருந்தது, 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். அதிக வட்டி தருகிறேன் என்று வருகிறவரிடம் இந்தக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்க, பேச்சு மாறுவதைப் பார்க்கலாம்.

சிறுவாடு என்று ஆரம்பித்தேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவிச்சதும் ஊரெல்லாம் சிறுவாடு வெளியே வந்தது. எங்க தெருவில் ஒரு பாட்டி முறத்தில் கொட்டி எண்ணச் சொன்னாங்க. மகனுக்கு அதுவரைக்கும் தெரியாது. சில வீடுகளில் சண்டையே ஆச்சு, "இவ்வளவு வெச்சுக்கிட்டு இல்லேன்னியே" என்று. குழுவில் இருந்தவங்களுக்குக் கணக்கு இருந்தது, போட்டுக்கொண்டாங்க. இல்லாதவங்க யார் யார் கையிலோ கொடுத்து மாற்றினாங்க, முழுசாக வந்ததா என்பது அவங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாற்றம் கவனிச்சேன். தன் பேரில் தனிக் கணக்கு வேணும், அந்த பாஸ்புக் தன் கையில் இருக்கணும் என்று கேட்ட பெண்கள் அதிகமானாங்க.

இப்போது கூட்டமைப்பின் பணம். சமுதாய முதலீட்டு நிதியாகவும் குழுக்கள் திருப்பிக் கட்டுவதாகவும் நம்ம கணக்கில் சேர்கிற தொகை, அடுத்த குழுவுக்குப் போகும் வரை சில மாசம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. ஃப்ளெக்ஸி டெபாசிட் என்றால், நாம சொல்கிற அளவுக்கு மேலே உள்ள பணம் தானாகவே வைப்பு நிதிக்குப் போய்விடும். கணக்கில் பணம் போதாத அன்றைக்கு அதிலிருந்து தானாகவே திரும்பி வரும். 3 லட்சம் ஆறு மாசம் கிடந்தால் 2.5 சதவீதத்தில் 3,750 ரூபாய், வைப்பு நிதியில் 6 சதவீதம் என்று வைத்தால் 9,000 ரூபாய். வித்தியாசம் 5,250. நம்ம கணக்காளருக்குக் கொடுக்கிற மதிப்பூதியத்தில் ஒரு பங்கு இதிலேயே வந்துவிடும். நடுவில் உடைத்தால் கொஞ்சம் வட்டி குறைப்பாங்க, எவ்வளவு நாளுக்குள் எடுத்தால் வட்டியே இல்லை என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கணும். எல்லா வங்கியும் கூட்டமைப்புக் கணக்குக்கு இதைக் கொடுக்கிறதா என்பதையும் கிளையில் விசாரிக்கணும். கொடுக்காவிட்டால் மூணு மாச, ஆறு மாச வைப்புகளாக நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். தொகை 5 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரே வங்கியில் எல்லாவற்றையும் வைப்பதா என்பதும் பேச வேண்டியதுதான்.

உள்கடன் வட்டியை 1 ரூபாய்க்கு இறக்குவது, ஃப்ளெக்ஸி கணக்கு, இந்த ரெண்டையும் அடுத்த பொதுக்குழுவின் பொருளாகச் சேர்க்கச் சொல்லித் தலைவியிடமும் செயலாளரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவும் தன் உள்கடன் பேரேட்டையும் பாஸ்புக்கையும் கொண்டு வந்தால்தான் பேச முடியும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூட்டத்துக்கு வரும் முன்னால் வங்கிக்குப் போய் கடைசித் தேதி வரைக்கும் என்ட்ரி போட்டுக்கொண்டு வாங்க. வட்டி வரவு வைத்த வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.